காட்டக் கூடாத பத்திரம்

என் வீட்டில் என் பேச்சு எடுபட வேண்டும் என்றால், முதலில் அது என் வீடாக இருக்க வேண்டும். இந்த உண்மை எனக்கு ஐம்பத்திரண்டாவது வயதில், கையில் சுத்தியலோடு நின்றபோதுதான் உறைத்தது.

விஷயம் சின்னதுதான். முன்னறைச் சுவரில் ஒரு கடிகாரம் மாட்ட வேண்டும். ஆணியை வைத்தேன். சுத்தியலை ஓங்கினேன். பின்னாலிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

“என்னங்க, அங்க அடிக்காதீங்க.”

“ஏன்?”

“வாடகை வீடு. சுவர் நம்மளது இல்ல.”

“பத்தொன்பது வருஷமா இந்தச் சுவத்தைப் பார்த்துக்கிட்டு இருக்கேன். ஒரு ஆணி அடிக்க எனக்கு உரிமை இல்லையா?”

“பார்த்துக்கிட்டே இருங்க. பார்க்க வேண்டாம்னு யாரு சொன்னா?”

சுத்தியலை இறக்கினேன். ஆனால் மனசுக்குள் ஒன்றை ஓங்கிவிட்டேன். இந்த வீட்டை நானே வாங்குவது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன். அவளுக்குத் தெரியாமல் வாங்குவது. பத்திரத்தை அவள் முன்னால் மேசையில் வைத்துவிட்டு, நிதானமாக எழுந்து போய், அதே இடத்தில் ஆணி அடிப்பது.

நாங்கள் இந்த நாட்டுக்காரர்கள் இல்லை. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் லிஃப்ட் பழுது பார்க்கும் வேலைக்கு வந்தேன். மூன்று வருஷம் கழித்து அவள் வந்தாள். வந்த வாரமே இந்த வீட்டுக்குக் குடி வந்தோம். இரண்டு அறை, ஒரு சமையலறை, முன்னால் இரும்பு கேட். இங்கே என் கை படாத திருகாணி கிடையாது. ஒழுகிய குழாயை மாற்றியது நான். சாத்த முடியாத சன்னலைச் சாத்த வைத்தது நான். ஆனால் இந்த நகரத்தில் என் பெயர் எழுதியிருக்கும் ஒரே இடம், லிஃப்டுக்குள் ஒட்டியிருக்கும் பரிசோதனை அட்டை. அதையும் லிஃப்ட் நடுவில் நின்றுபோனால் மட்டும்தான் ஜனங்கள் படிப்பார்கள், நல்ல எண்ணத்தோடு படிக்க மாட்டார்கள்.

என் மனைவிக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. கடைச் சுவரில் ஒரு எழுத்து அட்டை தொங்கும். மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகப் பொடி எழுத்து. அவள் குச்சியால் தொட்டுக் காட்டுவாள், வந்தவர் படிக்க வேண்டும். சில வருஷங்களுக்கு முன்பு செவ்வாய், வெள்ளி சாயங்காலங்களில் கடையில் ஏதோ பயிற்சி என்று ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போய் வந்துகொண்டிருந்தாள். இதிலிருந்து நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். இந்த ஊர் மொழியில் அவளுக்கு எழுத்துகள் தனித்தனியாகத் தெரியும், சேர்த்துப் படிக்க வராது. பத்தொன்பது வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்து ஒரு புருஷன் பெண்டாட்டியைப் பற்றித் தெரிந்துகொள்வது இவ்வளவுதான்.

நான் முடிவெடுத்த அதே வாரம், வீட்டு ஓனர் என்னை கேட் பக்கம் பிடித்துக்கொண்டார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். நல்ல மனுஷன்.

“வீட்டை விக்கப் போறேன். மகளோட போய் இருக்கலாம்னு பார்க்கறேன். உங்க வீட்டம்மாகிட்ட முதல்ல சொல்லிடணும்.”

“நான் சொல்லிக்கிறேன்,” என்றேன்.

சொல்லவில்லை. வேறு யாராவது வாங்கினால் நாங்கள் பெட்டி படுக்கையோடு தெருவில் நிற்க வேண்டியதுதான். அதனால் தாமதிக்காமல் தரகரைப் போய்ப் பார்த்தேன்.

அவருக்கு வட்டாரத்தில் சாவிக்கொத்து என்று பெயர். இடுப்பில் முப்பது சாவியாவது தொங்கும். அதில் ஒன்றுகூட அவர் சொந்த வீட்டுச் சாவி இல்லை என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. நம் மொழி பேசுகிறவர் என்பதால் நம்பினேன். பிற தேசத்தில் யாராவது நம் மொழியில் ‘வாங்கண்ணா’ என்று கூப்பிட்டுவிட்டால், கையில் இருப்பதையெல்லாம் கொடுத்துவிடத் தோன்றும். அதை அவர்களும் தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

“அண்ணா, முதல்ல ஒரு விஷயம். உங்களுக்கு இங்க குடியுரிமை இருக்கா?”

“இல்ல.”

“பரீட்சை எழுதி வாங்கிடலாமே. சுலபம்தான்.”

“அதுக்கெல்லாம் எனக்கு நேரம் இல்ல தம்பி.”

நேரம் இருந்தது. இரண்டு முறை எழுதினேன். இரண்டு முறையும் தோற்றேன். முதல் முறை இந்த நாட்டு ஆறுகளை வடக்கிலிருந்து தெற்காக வரிசைப்படுத்தச் சொன்னார்கள். நான் தலைகீழாகப் பாய விட்டேன். இரண்டாம் முறை ஆறுகளை மனப்பாடம் செய்துகொண்டு போனேன், மலைகளைக் கேட்டார்கள். இது என் மனைவிக்குத் தெரியாது. பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் மாட்டிக்கொண்டது என்று சொல்லிவிட்டுத்தான் இரண்டு தடவையும் போனேன். உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

“அப்ப உங்க பேர்ல மண்ணு வாங்க முடியாது அண்ணா. வெளிநாட்டுக்காரங்களுக்கு மண்ணு கிடையாது. சட்டம்.”

“மண்ணு வேண்டாம் தம்பி. மேல இருக்கிற வீடு மட்டும் போதும்.”

“வீடு மண்ணு மேலதானே அண்ணா நிக்குது.”

அவரே தொடர்ந்தார்.

“வழி இல்லாம இருக்குமா? இந்த நாட்டுக்காரர் ஒருத்தர் பேர்ல வாங்குவோம். காசு உங்களோடது, பேரு அவரோடது.”

“பினாமியா?”

சாவிக்கொத்து சட்டென்று கதவைச் சாத்தினார். “அந்த வார்த்தை வேண்டாம் அண்ணா. பெயர் கொடுக்கிறவர்னு சொல்லுங்க. ரத்த தானம் பண்றாங்க இல்ல, இது பெயர் தானம்.”

“யாரு பண்ணுவாங்க?”

“என் மச்சான் இருக்கான். இங்கயே பொறந்தவன். தங்கமான குணம்.”

“நாளைக்கு அவரு வீடு என்னோடதுன்னு சொல்லிட்டா?”

“அதுக்குத்தான் இன்னொரு பத்திரம் எழுதிக்குவோம். வீடு நிஜத்துல உங்களோடது, நான் சும்மா பேரு கொடுத்தவன்னு அவன் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பான்.”

“அதை எங்க காட்டணும்?”

“எங்கயும் காட்டக் கூடாது. காட்டினா, சட்டத்தை ஏமாத்தினீங்கன்னு உங்களையே நாட்டை விட்டு அனுப்பிடுவாங்க.”

“பிரச்சினை வந்து கோர்ட்டுக்குப் போனா?”

“அங்க கண்டிப்பாக் காட்டக் கூடாது.”

“அப்புறம் அது எதுக்கு தம்பி?”

“ஒரு மன நிம்மதிக்கு அண்ணா.”

புத்தியுள்ளவன் அப்போதே எழுந்து வந்திருப்பான். நானும் எழுந்தேன், ஆனால் கை குலுக்குவதற்காக. அந்த நேரத்தில் என் கண்ணுக்குச் சுவரும் ஆணியும்தான் தெரிந்தன. வீட்டில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் அவள் யோசிப்பாள். யோசித்தால் கேள்வி கேட்பாள். அவள் கேட்கும் கேள்விக்கு என்னிடம் இதுவரை பதில் இருந்ததில்லை. எனவே கேட்கவில்லை. நாங்கள் இருவரும் சேர்ந்து சேர்த்த சேமிப்பை, பதிவு முடியும்வரை நிலப்பதிவு அலுவலகத்தின் பொறுப்பில் இருக்கும்படி மச்சானின் பெயரில் கட்டினேன்.

பதிவுக்கு முன்னால் மச்சான் வீட்டைப் பார்க்க வந்தான். என் மனைவி கடையில் இருந்த நேரம். புதுச் சட்டை. செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்தான். முன்னறையைக் காலடியால் அளந்துவிட்டு, அடுத்த அறைக்குள் எட்டிப் பார்த்தான்.

“இது என்ன ரூம்?”

“நாங்க படுக்கிற ரூம்.”

“இந்தச் சுவத்தை இடிச்சா ஹால் பெருசாயிடும்.”

“யாருக்கு?”

“சும்மா பொதுவாச் சொன்னேன்.”

சமையலறைக்குப் போய் நான் மாட்டிய குழாயைத் திறந்து பார்த்தான். மூடிப் பார்த்தான். தலையை ஆட்டினான். பெயரை மட்டும் கொடுக்க வந்தவனுக்குக் குழாயில் என்ன அக்கறை என்று எனக்குத் தோன்றியது. ஆனாலும், பெயர் கொடுக்கிறவர் வீட்டைப் பார்ப்பது மரியாதைதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ளும் வேலையில் எனக்கு யாருடைய உதவியும் தேவைப்பட்டதில்லை.

அடுத்த சிக்கல் நான் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. இங்கே எந்த வீட்டை விற்பதாக இருந்தாலும், இன்னார் விற்கிறார், இன்னார் வாங்குகிறார் என்று ஒரு மஞ்சள் காகிதத்தில் அச்சடித்து, அந்த வீட்டு கேட்டிலேயே பதினைந்து நாள் ஒட்டி வைக்க வேண்டுமாம். யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் சொல்வதற்காக. அலுவலக ஊழியர் பசை வாளியோடு வந்து ஒட்டிவிட்டுப் போய்விட்டார். கிழித்தால் குற்றம். மூடி மறைத்தாலும் குற்றம். திறந்து வைக்கக் கூடாது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. எங்கள் கேட்டை வெளிப்பக்கமாக முழுக்கத் தள்ளினால் மதிலோடு போய் ஒட்டிக்கொள்ளும். காகிதமும் மதிலைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளும். தள்ளினேன். அவளுக்குச் சேர்த்துப் படிக்க வராதுதான், இருந்தாலும் ஒரு முன்ஜாக்கிரதை.

நாலாவது நாள் அவள் கேட்டாள்.

“என்னங்க, கேட் ஏன் ராத்திரி பகலாத் திறந்தே கெடக்கு?”

“கீலுக்கு எண்ணெய் போட்டிருக்கேன்.”

“அதுக்கு?”

“பதினஞ்சு நாள் ஊறணும்.”

“ஊறுறதுக்கு அது என்ன பருப்பா?”

“லிஃப்ட் கதவுக்கெல்லாம் நாங்க இப்படித்தான் செய்வோம்.”

“அதான் ஊர்ல எல்லாரும் படியேறிப் போறாங்களா?”

அதோடு விட்டுவிட்டாள். உள்ளே போய்த் துணி மடிக்க ஆரம்பித்தாள். சண்டை போடவில்லை, துருவவில்லை. சண்டை போடாத என் மனைவியைப் பார்த்து நான் பயந்திருக்க வேண்டும். சாமர்த்தியமாகச் சமாளித்துவிட்டேன் என்று சந்தோஷப்பட்டேன்.

பதின்மூன்றாவது நாள், வேலையில் இருக்கும்போது சாவிக்கொத்து போன் செய்தார். குரலில் சுரத்தே இல்லை.

“அண்ணா, ஒரு ஆட்சேபணை மனு வந்திருக்கு.”

“யாரு?”

“பேரு சொல்ல மாட்டாங்களாம். இந்த நாட்டுக் குடிமகன் ஒருத்தர்.”

“குடிமகனா? குடிச்சுட்டு எழுதியிருப்பான்.”

“அதெல்லாம் தெளிவா எழுதியிருக்காங்களாம் அண்ணா, எழுத்துப் பிழைகூட இல்லாம. திங்கக்கிழமை காலையில விசாரணை.”

அன்று சாயங்காலம் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து புகைந்துகொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால், கோபத்துக்கு அடியில் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. மச்சான் குழாயைத் திறந்து மூடிய காட்சி அடிக்கடி கண்ணில் வந்துகொண்டிருந்தது. ஆனால் நிம்மதியை வெளியே காட்டிக்கொள்ள முடியாது. கோபத்தைக் காட்டினேன்.

“என்னங்க, தட்டை ஏன் முறைக்கிறீங்க?”

“வேலையில ஒரு விவகாரம். நான் பாட்டுக்கு ஒரு காரியம் செஞ்சிக்கிட்டு இருக்கேன். எவனோ ஒருத்தன் குறுக்க வந்து மூக்கை நுழைக்கிறான்.”

“எவன்னு எப்படித் தெரியும்? எவளாவும் இருக்கலாமே.”

“இல்ல, இவ்வளவு கெட்ட எண்ணம் ஆம்பளைக்குத்தான் வரும்.”

“அது சரி.”

“வேலை வெட்டி இல்லாதவன். அடுத்தவன் நல்லா இருந்தாப் பொறுக்காதவன். அவன் வீட்டுல அவனை ஒருத்தரும் மதிக்க மாட்டாங்க, அந்த ஆத்திரத்தை இங்க வந்து காட்டறான்.”

“இன்னும் கொஞ்சம் போடட்டுமா?”

“போடு. அவனை நேர்ல பார்த்தா மூஞ்சிக்கு நேரா நாலு கேள்வி கேக்கணும்.”

“கேளுங்க. அவசியம் கேளுங்க. இப்ப சாப்பிட்டுட்டுத் திட்டுங்க, ஆறிடப் போகுது.”

திங்கட்கிழமை, லிஃப்ட் வேலை என்று சொல்லிக்கொண்டு புறப்படலாம் என்று பார்த்தால், அவள் எனக்கு முன்னாலேயே கிளம்பிப் போயிருந்தாள். நல்லதாகப் போயிற்று என்று நிலப்பதிவு அலுவலகத்துக்கு நடந்தேன். மூன்றாவது மாடி. அந்தக் கட்டடத்து லிஃப்ட் என் பராமரிப்பில் இருப்பது. அதனால் படியேறினேன்.

நீள மேசை. அதற்குப் பின்னால் பதிவாளர் அம்மாள், மூக்கு நுனியில் கண்ணாடி. இந்தப் பக்கம் ஓனர், சாவிக்கொத்து, மச்சான். மச்சான் அதே புதுச் சட்டையில் இருந்தான். நான் சுவரோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். பதிவாளர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“நீங்க யாரு?”

வாங்குகிறவன் என்று சொன்னால் நாட்டை விட்டு அனுப்புவார்கள். “லிஃப்ட் ரிப்பேர் பண்றவன்,” என்றேன்.

“லிஃப்ட் வெளியில இருக்கு.”

“சும்மா வேடிக்கை பார்க்கலாம்னு…”

“இந்த மாதிரி விசாரணைக்கு வேடிக்கை பார்க்க யாராவது ஒரு வெளிநாட்டுக்காரர் வந்துடறார்,” என்றார் பதிவாளர். பிறகு மச்சானிடம் திரும்பினார். “வாங்கறது நீங்கதானே? இவரை உங்களுக்குத் தெரியுமா?”

மச்சான் என்னை ஒரு தடவை பார்த்தான். “தெரியாதுங்க.”

இது நாங்கள் பேசி வைத்துக்கொண்டதுதான். அலுவலகத்தில் ஒருவரையொருவர் தெரியாதது போல இருக்க வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததே நானும் சாவிக்கொத்தும்தான். ஆனால் அவன் அதை எவ்வளவு சுலபமாகச் சொன்னான். நாக்கு குழறவில்லை, கண் சிமிட்டவில்லை. நாளைக்கு எங்கள் வீட்டு வாசலில் நான் நிற்கும்போதும் இதே குரலில் இதே வார்த்தையைச் சொல்வான் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. பத்தொன்பது வருஷ வாழ்க்கையை நான் ஒரு ‘தெரியாதுங்க’ வசம் ஒப்படைத்திருந்தேன். நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“ஆட்சேபணை கொடுத்தவங்க வந்தாச்சா?” என்றார் பதிவாளர்.

கதவு திறந்தது. என் மனைவி உள்ளே வந்தாள். கையில் ஒரு காகித உறை. என்னைப் பார்க்காமல் நேராக மேசைக்குப் போனாள்.

“வணக்கம் மேடம். உங்க கண்ணாடி காதுப்பக்கம் தளர்ந்திருக்கே, ஒருநாள் கடைப்பக்கம் வாங்க, சரி பண்ணிடலாம்.”

“வரேன். இந்தச் சுவரோரம் உக்கார்ந்திருக்கிறவரை உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும் மேடம். எங்க வீட்டுக்காரர்.”

இரண்டே நிமிஷத்தில் ஒருவன் தெரியாது என்று கைகழுவினான், ஒருத்தி தெரியும் என்று கைதூக்கிவிட்டாள்.

அவள் உறையிலிருந்து இரண்டு காகிதங்களை எடுத்து வைத்தாள். ஒன்று, பத்தொன்பது வருஷத்துக்கு முந்தைய வாடகை ஒப்பந்தம். அதில் கையெழுத்து அவளுடையது. அதைப் போட வேண்டிய நாளில் நான் ஒரு துணிக்கடை லிஃப்டில் இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்டிருந்தேன். இன்னொன்று, இந்த நாட்டுக் குடியுரிமை அட்டை. அதில் அவள் படம். சிரிக்காத, தீர்மானமான படம்.

பதிவாளர் சட்டத்தைப் படித்தார். ஒரு வீட்டில் பத்து வருஷத்துக்கு மேல் வாடகைக்கு இருப்பவர் இந்த நாட்டுக் குடிமகனாகவோ குடிமகளாகவோ இருந்தால், அதே விலைக்கு வாங்கும் முதல் உரிமை அவருக்குத்தான். அவர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் மற்றவர்.

“எனக்கு வேணும் மேடம்,” என்றாள் என் மனைவி.

“எனக்கு ரொம்ப சந்தோஷம்மா,” என்றார் ஓனர். “முதல்ல உங்ககிட்டதான் சொல்லச் சொன்னேன். உங்க வீட்டுக்காரர் சொல்றேன்னாரே.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் கூரையைப் பார்த்தேன்.

பதிவாளர் மச்சானின் பெயரை ஒரு கோட்டால் அடித்தார். அவன் பெயரில் கட்டியதை யார் கட்டினார்களோ அவர்களுக்கே திருப்பிவிடும்படி அவனிடம் கையெழுத்து வாங்கினார். அந்தப் பணமே என் மனைவி கட்டும் விலையாயிற்று. அவன் தகராறு செய்யவில்லை. தெரியாத மனுஷனோடு என்ன தகராறு? சாவிக்கொத்து சாவிகள் சத்தம் போடாதபடி கையால் பிடித்துக்கொண்டு வெளியே நழுவினார். புதுப் பத்திரம் தயாராக அரை மணி நேரம் ஆகும் என்றார்கள். நானும் அவளும் வராந்தாவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம்.

அவள் காகித உறையை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

“நாலு கேள்வி கேக்கணும்னீங்களே,” என்றாள்.

“கேட் விஷயம் எப்பத் தெரியும்?”

“ஒட்டின அன்னிக்கு சாயங்காலமே. கேட்டை மூடினேன், படிச்சேன், திரும்பத் திறந்து வெச்சேன். இது ஒரு கேள்வி.”

“அப்பவே என்கிட்ட சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா நிறுத்தியிருப்பீங்களா? நான் வேண்டாங்கறேன்னே இன்னும் வேகமாச் செஞ்சிருப்பீங்க. ரெண்டு.”

அது உண்மைதான். அடுத்ததைக் கேட்கக் கொஞ்சம் தைரியம் வேண்டியிருந்தது.

“குடியுரிமை எப்ப வாங்கின?”

“நாலு வருஷம் ஆச்சு.”

“நாலு வருஷமா என்கிட்ட சொல்லாம…”

“நீங்க சொன்னீங்களா?”

நான் திரும்பி அவளைப் பார்த்தேன். அவள் கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

“பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில லிஃப்ட் மாட்டிக்கிச்சுன்னு ரெண்டு தடவை போனீங்க. ரெண்டு தடவையும் வந்து சாப்பிடாமப் படுத்துட்டீங்க. இத்தனை வருஷத்துல லிஃப்டுக்காக நீங்க ஒரு வேளைகூடப் பட்டினி கெடந்ததில்ல. அப்பவே தெரியும்.”

“அப்ப உன் பயிற்சி வகுப்பு?”

“பரீட்சைக்குத்தான். ரெண்டு பேர்ல ஒருத்தராவது தேறினாப் போதும், இந்த ஊர்ல ஒரு பிடிப்பு இருக்கும்னு நினைச்சேன். ரெண்டாவது தடவை நீங்க தோத்துட்டு வந்த அதே வாரம் எனக்கு ரிசல்ட் வந்துச்சு. அன்னிக்கு எப்படிச் சொல்றது? அடுத்த வாரம் சொல்லலாம்னு வெச்சேன். அடுத்த வாரம், அடுத்த வாரம்னு நாலு வருஷம் ஆயிடுச்சு.”

வராந்தாவின் கோடியில் என் லிஃப்ட் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. யாரோ பத்திரமாக இறங்கிப் போனார்கள். நான் தோற்றதைக் கொண்டு அவள் எத்தனையோ சண்டைகளில் ஜெயித்திருக்கலாம். அப்படிப்பட்ட சண்டைகள் எங்களுக்குக் குறைவில்லை. ஒரு தடவைகூட அதை எடுத்து வீசவில்லை. என் முகம் வாடிவிடக் கூடாது என்று தன் வெற்றியை ஒரு காகித உறைக்குள் நாலு வருஷம் பூட்டி வைத்திருந்தாள். நானோ ஒரு ஆணிக்காக எங்கள் இரண்டு பேர் கூரையையும் ஒரு புதுச் சட்டைக்காரனிடம் கொடுக்கப் போனேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அதை அவளிடம் சொல்லவும் சொன்னேன்.

“சரி விடுங்க,” என்றாள். “எதுக்கு இதெல்லாம் செஞ்சீங்க? அதைச் சொல்லுங்க.”

“ஏதாவது ஒண்ணு என்னோடதுன்னு இருக்கணும்னு தோணிச்சு.”

அவள் என் தோளில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டாள். சுவரோரம் உட்கார்ந்ததில் ஒட்டியது.

உள்ளே கூப்பிட்டார்கள். பத்திரம் அவள் பெயரில் தயாராக இருந்தது. அவள் ஒவ்வொரு பக்கத்தையும் படித்துத்தான் கையெழுத்துப் போட்டாள். சேர்த்துத்தான் படித்தாள், வேகமாகவும் படித்தாள். முடிந்ததும் பதிவாளர் ஒரு தனிக் காகிதத்தை என் பக்கம் நகர்த்தினார்.

“வெளிநாட்டுக் கணவர் உறுதிமொழி. வாசிக்கிறேன், கேளுங்க. இந்த மண்ணிலும், இதன் மேல் நிற்கும் சுவர்களிலும், கதவு சன்னல்களிலும், இனி எழுப்பப்படும் எதிலும் எனக்கு உரிமை இல்லை, இருந்ததில்லை, இனிக் கோரவும் மாட்டேன். சம்மதமா?”

“இதை நான் கல்யாணமான வாரமே ஒத்துக்கிட்டாச்சு மேடம். இப்பத்தான் எழுத்துல கேக்கறாங்க.”

பதிவாளர் சிரிக்கவில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று விரலால் காட்டினார். போட்டேன். அப்படியாக என் பெயர் முதல் தடவையாக ஒரு வீட்டுப் பத்திரத்தில் ஏறியது, உரிமை இல்லாதவர் என்ற இடத்தில். ஆச்சரியம் என்னவென்றால் எனக்கு வருத்தமே வரவில்லை. யாரிடம் வேண்டுமானாலும் எடுத்துக் காட்டக்கூடிய காகிதம் அது. மச்சான் எழுதித் தர இருந்ததைவிட அதுதான் எனக்கு மன நிம்மதி கொடுத்தது. நன்றாக மூச்சு விட்டேன். நாற்காலியில் சாய்ந்துகூட உட்கார்ந்தேன்.

“கடைசியா ஒரு கட்டம் பாக்கி,” என்றார் பதிவாளர். “குடிமகள் வீட்டுல வெளிநாட்டவர் தங்கறதுக்கு உரிமையாளர் அனுமதி தரணும். எவ்வளவு காலத்துக்குன்னு எழுதணும்?”

“ஆயுள் பூராவும்னு போட்டுடுங்க மேடம்,” என்றேன் தாராளமாக.

“உங்களைக் கேக்கல. உரிமையாளரைக் கேட்டேன்.”

என் மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“இப்போதைக்கு மூணு மாசம் போடுங்க மேடம். நடந்துக்கறதைப் பார்த்துட்டு நீட்டிக்கலாம்.”